சிவகிரியில் கத்திக்கு ஒரு தோல் உறை

ராஜபாளையத்தில் இருந்து தென்காசிக்குப் போகும் சாலையில் சேத்தூரைத் தாண்டியதும் வலதுகைப் பக்கம் மலை நெருங்கி வந்துவிடுகிறது. அதன் அடியில் தென்னை, எலுமிச்சை, கரும்பு, நடுநடுவே நெல் வயல். அடுத்து வரும் ஊர் சிவகிரி. முன்பு திருநெல்வேலி மாவட்டம், சங்கரன்கோவில் தாலுகா. இப்போது தென்காசி மாவட்டம். பெரியாறு பிறப்பது இந்த ஊர் பெயரைச் சுமக்கிற சிவகிரி மலையில்தான். ஆனால், பிறந்த தண்ணீர் மேற்கே கேரளத்துக்குப் போய்விடுகிறது. உடைந்து கிடக்கும் செண்பகவல்லி அணைக்கட்டைச் சீரமைத்துக் கொடுங்கள் என்று சிவகிரி, வாசுதேவநல்லூர் விவசாயிகள் வருடக் கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதுவரைக்கும் இங்கே கிணறும் கண்மாயும்தான் கதி.

விடியற்காலையில் இந்த ஊரில் இருந்து மலையடிவாரத் தோட்டங்களுக்குக் கிளம்புகிறவர்களைப் பார்த்தால் ஒன்று புரியும். டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியில் முன்பக்கம் சோற்று வாளி, பின்பக்கம் சாக்கு. அந்தச் சாக்குக்குள் ஏதோ ஓர் இரும்பு இருக்கும். தென்னைக்காரரிடம் அரிவாள், கரும்புக்காரரிடம் வெட்டுக்கத்தி, நெல்லுக்குப் பன்னருவாள், எலுமிச்சைக்காரரிடம் போத்து கழிக்கிற கத்தி. எல்லாமே பளபளவென்று தீட்டப்பட்டவை. உறை போட்டது ஒன்றுகூட இருக்காது. பழைய சைக்கிள் டியூப், கிழிந்த வேட்டித் துண்டு, சிமென்ட் சாக்கு, தினசரித் தாள்... கைக்குக் கிடைத்ததைச் சுற்றி ஒரு சணலால் கட்டியிருப்பார்கள். அம்பதாயிரம் ரூபாய் பம்புசெட்டுக்குக் கொட்டகை கட்டுகிற விவசாயி, தினமும் இடுப்பில் செருகுகிற கத்திக்கு ஒரு கூடு செய்துகொள்ள யோசிப்பதில்லை.

ஒன்றரை ஏக்கர் எலுமிச்சையும் கொஞ்சம் தென்னையும் வைத்திருக்கும் சிவகிரி விவசாயி ஒருவருக்கு அந்த யோசனை வந்தது தொடையில் தையல் போட்ட பிறகுதான்.

"சாக்குல சுத்தித்தான் வச்சிருந்தேன். வண்டியில ஏறி உக்காந்தப்ப முனை சாக்கைக் கிழிச்சு உள்ள இறங்கிட்டு. முதல்ல வலிக்கவே இல்ல. வேட்டி நனைஞ்சிருக்கேன்னு பார்த்தா ரத்தம். ஒன்பது தையல். வேலைக்குக் கூலி கொடுத்து ஆள் வச்ச செலவைக் கணக்குப் பார்த்தா, பத்து உறை தச்சிருக்கலாம்" என்கிறார்.

அவருடைய மனைவி சொல்லும் காரணம் வேறு. "காயம் ஆறிரும். இவுக கத்தியை எடுத்துக்கிட்டு பஸ்ல ஏறுனா அத்தனை பேரும் ஒருமாதிரி பார்க்காக. அதுக்குத்தான் பயம்."

அந்தப் பயத்துக்கு இந்தப் பக்கம் அர்த்தம் இருக்கிறது. தென்மாவட்டங்களில் அரிவாள் என்ற சொல்லுக்கு வயலில் ஓர் அர்த்தம், செய்தித்தாளில் இன்னோர் அர்த்தம். 2021 செப்டம்பரில், அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு, அரிவாள், கத்தி செய்யும் பட்டறைகள் வாங்குபவரின் பெயர், முகவரி, எதற்காக வாங்குகிறார் என்ற விவரத்தை எழுதி வைக்க வேண்டும், கண்காணிப்பு கேமரா பொருத்த வேண்டும் என்று அறிவுறுத்தினார். விவசாய வேலைக்கும் வீட்டு உபயோகத்துக்கும் விற்கத் தடை இல்லை. சட்டமும் அதையேதான் சொல்கிறது. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம் ஆயுதம் எது என்று சொல்லும்போதே, விவசாயத்துக்கும் வீட்டு உபயோகத்துக்கும் என்று மட்டுமே செய்யப்பட்ட பொருள்களை விலக்கி வைத்திருக்கிறது. விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளம் அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலம் உள்ள அலகு என்று ஓர் அளவு வருகிறது. அங்கேயும் விவசாயக் கருவிகளுக்கு விலக்கு உண்டு. ஆனால், இரவு ஒன்பது மணிக்குச் சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்துகிறவரிடம் சட்டப் பிரிவைச் சொல்லிக்கொண்டு இருக்க முடியாது. தாளில் சுற்றி மறைத்த கத்தி, மறைத்த கத்தியாகத்தான் தெரியும். பெல்ட்டில் தொங்கும் தோல் உறைக்குள் இருக்கிற கத்தி வேலைக்குப் போகிறவனின் கருவியாகத் தெரியும். உறை இருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று இல்லை. கேட்கிறவரின் குரல் கொஞ்சம் இறங்கும்.

பட்டறையில் சொல்லிச் செய்த கத்தி

அவருடைய கத்தி கடையில் வாங்கியது அல்ல. லாரியின் வில் பட்டையை வெட்டி, பட்டறையில் சொல்லிச் செய்தது. எலுமிச்சை மரத்துக்குள் கையை விட்டால் முள் கிழிக்கும். அதனால் கைப்பிடி கொஞ்சம் நீளம். அலகு 7 அங்குலம். நடுவில் ஒன்றரை அங்குல அகலம். முதுகுத் தடிமன் 4 மில்லிமீட்டர். முனை லேசாக உள்வாங்கி இருக்கும், போத்தை அடியில் கொக்கி மாதிரி பிடித்து இழுத்து அறுப்பதற்காக. கைப்பிடி புளியங்கட்டை. கத்தியைக் கொடுக்கும்போது பட்டறைக்காரர் நோட்டில் பெயரும் போன் நம்பரும் எழுதிக்கொண்டார். 'எதற்கு' என்ற இடத்தில் 'எலுமிச்சை கவாத்து' என்று எழுதச் சொல்லி இவரே வற்புறுத்தினாராம்.

முதல் உறையை ஒரு பை ரிப்பேர் கடையில் தைத்தார். மெத்தென்ற கறுப்புத் தோல், மெஷின் தையல், பார்க்க அழகு. ஒரு மாதத்தில் முனை அடிப்பக்கம் ஓட்டை போட்டு எட்டிப் பார்த்தது. அடுத்து, கத்தியை உருவும்போது வாய் ஓரத்துத் தையல் நூலை அலகே அறுத்துவிட்டது. ஓர் இடத்தில் அறுந்த மெஷின் தையல் சரசரவென்று நாலு விரல் நீளத்துக்குப் பிரிந்துவிட்டது. ஐப்பசி மழையில் நனைந்த பிறகு அலகு முழுக்கப் புள்ளி புள்ளியாகத் துரு. அழகான உறைதான், கத்தியைத் தின்றுவிட்டது.

அதன் பிறகுதான் அவர் பேருந்து நிலையத்துப் பக்கம் சாக்கை விரித்து உட்கார்ந்திருக்கும் செருப்புத் தைக்கும் பெரியவரிடம் போனார். எழுபது வயதைத் தாண்டியவர். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "கத்தி எங்க?"

"வீட்டுல இருக்கு அண்ணாச்சி. அளவு சொல்லுதேன்."

"அளவு எனக்கு எதுக்கு? காலைப் பார்க்காம செருப்பு தைக்க முடியுமா? கத்தியைக் கொண்டாங்க. இடுப்புல கட்டுத பெல்ட்டையும் கொண்டாங்க. வண்டியிலயே வாங்க."

வால் தைத்த கை

அந்தப் பெரியவரின் அப்பா கமலைக்கு வால் தைத்தவர். இன்றைக்கு முப்பது வயதில் இருப்பவர்களுக்குக் கமலை என்பதே படத்தில் பார்த்ததாக இருக்கும். கிணற்றுக்குள் கூனை இறங்கும். இரண்டு மாடுகள் சரிவில் இறங்கி நடக்க, வடம் இழுக்க, தண்ணீர் மேலே வரும். கூனையின் அடியில் குழாய் போலத் தோலில் ஒரு வால் இருக்கும். ஏறி வரும்போது அது மடிந்து தண்ணீரைப் பிடித்து நிற்கும். மேலே வந்ததும் நீண்டு வாய்க்காலில் கொட்டும். வால் கிழிந்தால் அன்றைக்குத் தண்ணீர் இல்லை. வால் தைப்பவர் வர வேண்டும். நாள் முழுக்கத் தண்ணீரில் நனைந்து, கல்லில் உரசி, இழுபட்டுக்கொண்டே இருக்கிற தோலை ஒழுகாமல் தைப்பது சாதாரண வேலை அல்ல. அதற்குக் கூலி களத்தில் அளக்கிற தானியம். கரண்டு மோட்டார் வந்த பிறகு கமலை போனது, வாலும் போனது, களத்துத் தானியமும் போனது. கரிசல் காட்டில் அந்த வேலை செய்த மனிதர்களின் வாழ்க்கையை பூமணி 1979-ல் வந்த 'பிறகு' நாவலில் எழுதியிருக்கிறார். நாயகன் அழகிரி தோல் வேலை செய்கிறவர்தான்.

"எங்க அய்யா தச்ச வால்லதான் இந்த ஊரு நெல்லுக்குத் தண்ணி பாஞ்சிச்சு" என்கிறார் பெரியவர். "ஆனா அவரை 'வாங்க'ன்னு யாரும் கூப்பிட்டது கிடையாது. சின்னப் பயலும் 'வாடா'ம்பான். எனக்கு இப்ப அண்ணாச்சிங்காக." சொல்லிவிட்டு மெழுகு தடவிய நூலை இழுத்துப் பார்க்கிறார். அந்தப் பேச்சு அதோடு நின்றுவிடுகிறது.

வண்டியில் உட்காரச் சொன்னார்

விவசாயி கத்தியோடு வந்ததும் பெரியவர் செய்த முதல் வேலை, அவரை வண்டியில் ஏறி உட்காரச் சொன்னது. பிறகு குனியச் சொன்னார். பிறகு குத்துக்கால் போட்டு உட்காரச் சொன்னார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கத்தியை இடுப்பில் எங்கே வைத்தால் தொடையில் குத்தாது, எங்கே வைத்தால் வண்டி சீட்டில் இடிக்காது என்று பார்க்கத்தான் அது. பெல்ட்டோடு ஒட்டி மேலேயே நின்றால் உட்காரும்போது கைப்பிடி விலாவில் இடிக்கிறது. அதனால் உறையை நேராக பெல்ட்டில் கோக்காமல், நாலு விரல் கீழே இறங்கித் தொங்குகிற மாதிரி ஒரு வார். நடக்கும்போது ஆடும், உட்காரும்போது தானே விலகிக்கொள்ளும்.

பெல்ட் என்றால் பேன்ட்டுக்குப் போடுகிற ஒன்றரை அங்குல பெல்ட் அல்ல. நம் விவசாயிகள் வேட்டிக்கு மேல் கட்டுகிற, பணம் வைக்க அறை உள்ள அகலமான பச்சை பெல்ட். கடையில் கிடைக்கிற எந்த உறையின் காதும் அதற்குள் நுழையாது. காதை மட்டும் 4 அங்குலம் வைத்தார் பெரியவர். உறைகளைச் செய்து விற்கிற கம்பெனிக்காரர்கள் வேட்டி கட்டிய மனிதனை நினைத்தே பார்ப்பதில்லை போலிருக்கிறது.

அடுத்தது காகிதம். பழைய மாதக் காலண்டர் தாளை இரண்டாக மடித்து, மடிப்பில் கத்தியின் முதுகைச் சேர்த்து வைத்துச் சுற்றிலும் பென்சிலால் கோடு இழுத்தார். வாய்ப் பக்கம் மட்டும் அலகில் இருந்து முக்கால் அங்குலம் தள்ளி இன்னொரு கோடு. கத்திக்குத் தடிமன் இருக்கிறது; தோலுக்கும் தடிமன் இருக்கிறது; தாளில் சரியாக இருப்பது தோலில் இறுகிவிடும். அந்த முக்கால் அங்குலத்துக்குள்தான் முக்கியமான சங்கதி இருக்கிறது: இடைத்தோல். இரண்டு பக்கத் தோலையும் அப்படியே சேர்த்துத் தைத்தால், கூரான வாய் நேரே நூலில் போய் உட்காரும். நடுவே ஒரு விரல்கடை அகலத்துக்குத் தோல் துண்டு ஒன்றை வாய் ஓரம் முழுக்க வைத்துத் தைத்தால், அலகு அந்தத் துண்டில்தான் உரசும். தையல் அதற்கு அப்பால் பத்திரமாக இருக்கும். இந்தத் துண்டு அலகின் தடிமனுக்குக் குறையக் கூடாது. முதல் உறையில் தையல் நூல் அறுந்ததற்கு இது இல்லாததுதான் காரணம்.

இதில் உயிர் போகிற விஷயம் ஒன்று உண்டு. உறையை இடது கையால் சுற்றிப் பிடித்துக்கொண்டு கத்தியை உருவுகிறவர்கள் நிறையப் பேர். தையல் விட்டுப்போன உறையாக இருந்தால் அலகு விரல்களின் மேலேதான் ஓடும். உறையை முதுகுப் பக்கம் மட்டும் பிடிக்க வேண்டும். பெரியவர் இதைச் சொல்லவில்லை, தன் இடது கைச் சுண்டு விரலைக் காட்டினார். அது மடங்காது.

தையலுக்கு மெஷின் கிடையாது. குத்தூசியால் முதலில் துளை, அங்குலத்துக்கு ஐந்து. ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியும் எதிரெதிராக நுழைந்து வரும். ஓர் இடத்தில் ஒரு நூல் அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும், சரசரவென்று பிரியாது. நூலுக்குத் தேன்மெழுகு. வாய்ப்பக்கத்தில் ஆரம்பிக்கிற இடத்திலும் முனையில் முடிக்கிற இடத்திலும் இரண்டு துளை பின்னோக்கித் தைத்து இறுக்குகிறார். முனைக்குச் சற்று மேலே சின்னதாக ஓர் ஓட்டை விட்டிருக்கிறார்; மழைத் தண்ணீர் இறங்கிப் போக. கமலை வாலில் தண்ணீரை ஒழுகாமல் பிடித்த குடும்பம், கத்தி உறையில் தண்ணீர் போக வழி விடுகிறது.

எந்தத் தோல்?

பை, ஷூ மேல்பாகம் எல்லாம் பெரும்பாலும் குரோமியம் உப்பில் பதனிட்ட தோல். மெதுவாக இருக்கும், வளையும், விலையும் தோது. உறைக்கு அது ஆகாது. ஒன்று, விறைப்பு இல்லை. இன்னொன்று, அதில் மீந்திருக்கிற உப்பு ஈரத்தோடு சேர்ந்தால் கார்பன் எஃகைத் துருப்பிடிக்க வைக்கும். பட்டறைக் கத்தி எல்லாமே கார்பன் எஃகுதான். உறைக்கு வேண்டியது மரப்பட்டையில் பதனிட்ட தோல்.

அதற்கும் சிவகிரிக்கும் சம்பந்தம் உண்டு. ஊருக்குக் கிழக்கே வறண்ட காட்டில், சாலை ஓரத்தில் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கிற ஆவாரஞ்செடியின் பட்டைதான் ஒரு காலத்தில் தமிழ்நாட்டுத் தோல் தொழிலின் அஸ்திவாரம். ஆவாரம் பட்டையில் ஊறவைத்து, கடுக்காயில் நிறம் தெளியவைத்து, எண்ணெய் ஏற்றிய தென்னிந்தியத் தோல், 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்ற பெயரில் கப்பலேறியது. அந்த ஈ.ஐ. தோலுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. நாம் பொங்கலுக்குக் காப்புக் கட்டவும், பூவைப் பறித்து டீ போடவும் வைத்திருக்கிற செடி அது. ஆவாரை பற்றாமல் போய் வெளியில் இருந்து வந்த வாட்டில் பட்டை பெருமளவு இடம் பிடித்தது தனிக் கதை. திண்டுக்கல், திருச்சி, ஈரோடு பக்கமும், சென்னைப் பெரியமேட்டிலும் இந்தத் தோல் கிடைக்கும்.

தோல் என்றதும் பாலாற்றுக்காரர்களுக்கும் திண்டுக்கல்காரர்களுக்கும் முகம் சுளிக்கும், நியாயம்தான். கிணறு கெட்டு, நிலம் உப்பாகி, வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம்வரை போய் 1996-ல் தீர்ப்பு வாங்கியது விவசாயிகள் மறக்கிற விஷயம் அல்ல. பட்டைத் தோலில் குரோமியம் இல்லை என்பதற்காகக் கழிவுநீரே இல்லை என்று ஆகிவிடாது. ஆனால், ஒரு கத்தி உறைக்கு ஒரு முழம் தோல். ஒழுங்காகத் தைத்தால் ஒரு தலைமுறைக்கு வரும். மாதம் ஒரு ரெக்சின் உறையைக் கிழித்துக் குப்பையில் போடுவதைவிட அது மேல்.

கடையில் பட்டைத் தோல் என்று சொல்லி எதையும் கொடுத்துவிடலாம். பெரியவர் மூன்று வழியில் பார்க்கிறார். வெட்டிய ஓரத்தைப் பார்ப்பார்: நடுவில் நீலமோ சாம்பலோ தெரிந்தால் குரோம், பட்டைத் தோல் உள்ளே வரைக்கும் பழுப்பாக இருக்கும். எச்சிலைத் தொட்டு வைப்பார்: பட்டைத் தோல் உறிஞ்சிக் கறுக்கும். சந்தேகம் தீராவிட்டால் ஓரத் துணுக்கைக் கொளுத்துவார்: குரோம் தோல் பச்சை பாய்ந்த சாம்பலாகும், பட்டைத் தோல் கரியாகச் சுருண்டு அணைந்துவிடும். தடிமன் மூன்றில் இருந்து நாலு மில்லிமீட்டர். அதற்குக் குறைந்தால் முனை துளைக்கும்.

தைத்து முடித்த உறையை வாளித் தண்ணீரில் அமுக்கினார். குமிழி வருவது நின்றதும் எடுத்து, எண்ணெய் தடவி மெல்லிய பிளாஸ்டிக் தாள் சுற்றிய கத்தியை உள்ளே செருகி, கரண்டிக் காம்பால் சுற்றிலும் அழுத்தி அழுத்தி நீவினார். நனைந்த பட்டைத் தோல் களிமண் மாதிரி. அழுத்திய வடிவத்தைப் பிடித்துக்கொண்டு காயும். கைப்பிடியில் பாதிவரைக்கும் தோல் ஏறியிருக்கிறது. கைப்பிடியின் வளைவைத் தோல் கவ்விக்கொள்வதால் பொத்தான், வார் எதுவுமே இல்லாமல் கத்தி தலைகீழாகக் கவிழ்த்தாலும் விழாது. பின்லாந்தில் புக்கோ என்ற கத்திக்கு இதே மாதிரிதான் ஆழமான உறை. அங்கே அலகு இருக்கும் இடத்தில் மரத் துண்டைக் குடைந்து உள்ளே வைத்துவிடுகிறார்கள். நேபாளத்துக் குக்ரிக்கும் மரக்கூட்டின் மேல் தோல் போர்த்தியதுதான். பெரியவருக்கு இந்த இரண்டு நாடும் தெரியாது. ஈரத் தோல் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும்.

காய வைப்பது நிழலில், இரண்டு நாள். அவசரப்பட்டு வெயிலிலோ அடுப்பு ஓரத்திலோ வைத்தால் சுருங்கி வெடிக்கும். காய்ந்த பிறகு விளக்கெண்ணெயும் தேன்மெழுகும் சூடாக்கிக் கலந்து துணியால் லேசாக ஒரு பூச்சு. எண்ணெய் அதிகமானால் தோல் தொளதொளத்து, பட்ட பாடு வீண்.

அரிவாளுக்கு வேறு கணக்கு

நேரான கத்திக்கு வாய் வழியாக நுழைகிற உறை சரி. அரிவாள் அப்படி நுழையாது. நுனி அகலம், கழுத்து ஒடுக்கம், தலை வளைவு. நுனிக்குத் தக்கபடி வாயை அகலமாக வைத்தால் உள்ளே ஆடும். கழுத்துக்குத் தக்கபடி வைத்தால் நுழையாது. அதற்கு முதுகு திறந்த உறைதான் தோது. வளைந்த வாய் ஓரம் முழுக்க இடைத்தோலோடு தையல். முதுகுப் பக்கம் திறந்து, குறுக்கே இரண்டு வார், டக்கென்று மாட்டுகிற பொத்தான். அரிவாளை மேலிருந்து செருகாமல் பக்கவாட்டில் படுக்க வைத்து மூட வேண்டும்.

பனையேறிகள் இந்தக் கணக்கை எப்போதோ போட்டுவிட்டார்கள். திருநெல்வேலி, தூத்துக்குடி தேரிக்காட்டில் இடுப்பில் அருவாப்பெட்டி கட்டாமல் யாரும் பனை ஏறுவதில்லை. பாளை சீவுகிற அரிவாள் சவரக்கத்தி மாதிரி இருக்கும். மரத்தின் உச்சியில் ஒரு கை மட்டையைப் பிடித்திருக்க, இன்னொரு கை கண்ணால் பார்க்காமலே அரிவாளை இடுப்பில் போட வேண்டும். அதனால் அந்தப் பெட்டி விறைப்பாக, வாய் அகன்று இருக்கும். இறுக்கிப் பிடிப்பது அதன் வேலை அல்ல. தவறாமல் வாங்கிக்கொள்வது அதன் வேலை. வேலை எதுவோ அதற்குத் தக்கதுதான் உறை. தென்னை ஏறுகிறவர் எலுமிச்சைக்காரரின் இறுக்கமான உறையைக் கட்டிக்கொண்டு மரம் ஏறினால் ஆபத்து.

தோல் கிடைக்காதவர்கள், செலவு கட்டாதவர்கள் பி.வி.சி. குழாயை நெடுக அறுத்துச் சூடு காட்டித் தட்டையாக்கி உறை செய்துகொள்ளலாம். துரு ஏறாது, கழுவலாம். அழகு இல்லை, சாக்கைவிட ஆயிரம் மடங்கு பத்திரம்.

உறைக்குள் போகும் முன்

எலுமிச்சைக்காரர் கத்தியை உறையில் போடுவதற்கு முன் இரண்டு விஷயம் செய்கிறார். தோட்டத்தில் சொறிநோய் உண்டு. இலையிலும் காயிலும் பழுப்புச் சொறி வருகிறதே, அது பாக்டீரியா. மழையிலும் காற்றிலும் பரவுவதுபோலக் கத்தியிலும் பரவும். நோய் கண்ட மரத்தில் வெட்டிய கத்தியை அப்படியே உறையில் போட்டால், உறையும் நோயைச் சுமக்கும். அதனால் மரத்துக்கு மரம் ஸ்பிரிட் நனைத்த துணியால் அலகைத் துடைக்கிறார். பிளீச்சிங் கரைசலும் கிருமியைக் கொல்லும். இரும்பையும் தோலையும் சேர்த்துத் தின்னும். நோய் கண்ட மரத்தைக் கடைசியாக வெட்டுவதும், ஈரமாக இருக்கும்போது கவாத்தே செய்யாமல் இருப்பதும் அதைவிட நல்ல பழக்கம். அடுத்தது, புளிப்பு. எலுமிச்சைச் சாறு பட்ட அலகு ஒரு ராத்திரியில் கறுத்துவிடும். துடைத்து, துளி தேங்காய் எண்ணெய் தடவி, வீட்டுக்கு வந்ததும் உறையில் இருந்து எடுத்துத் தனியாக மாட்டுகிறார். உறை என்பது பயணத்துக்கு. ராத்திரி தூங்குவதற்கு அல்ல. பட்டைத் தோலுமே ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதில் இருக்கிற துவர்ப்பு அலகைக் கறுக்க வைக்கும்.

கூலி பேசும்போது கொஞ்சம் இழுபறி. பெரியவர் 700 ரூபாய் கேட்டார். தோலுக்கு மட்டும் பாதிக்கு மேல் போய்விடுகிறது, கைவேலை ஒன்றரை நாள். விவசாயி ஆன்லைனில் 350 ரூபாய்க்கு வருகிறது என்றார்.

"வாங்கிக்கிடுங்க. அது உங்க கத்திக்குத் தச்சதா, யாரோ ஒருத்தன் கத்திக்குத் தச்சதான்னு ஒரு மழைக்காலம் போனாத் தெரியும். நீங்க புளியங்குடியில எலுமிச்சை போடும்போது ஏவாரி விலையைக் குறைச்சா என்ன சொல்லுவீங்க, அதைத்தான் நானும் சொல்லுதேன்."

அதற்குப் பதில் பேச முடியவில்லை. 700 ரூபாயும், மறுநாள் ஒரு பை எலுமிச்சையும் கொடுத்தார். பெரியவரின் பேரன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். தையல் அவனுக்கும் வரும், மெஷினில் மட்டும்.

உறை வந்து இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. தோல் வெளிறிய நிறம் மாறி நல்ல தேங்காய் ஓட்டு நிறத்துக்கு வந்திருக்கிறது. வாய் ஓரம் கொஞ்சம் உரசித் தேய்ந்திருக்கிறது, தையல் ஒன்றும் போகவில்லை. கத்தியின் அளவு வரைந்த காலண்டர் தாளைப் பெரியவர் சுருட்டித் தன் சாக்குக்குள் வைத்திருக்கிறார். அதன் பிறகு ஐந்து தாள் சேர்ந்துவிட்டது. இப்போது வாசுதேவநல்லூர்ப் பக்கத்தில் இருந்து ஒரு தேங்காய் வெட்டுக்காரர் அரிவாளோடு வந்து உட்கார்ந்திருக்கிறார். அந்த வளைவுக்கு மாதத் தாள் பற்றவில்லை. எதிர் டீக்கடையில் போன வருட காலண்டரின் அட்டையைக் கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறார் பெரியவர்.